மூன்றாவது சுருள்

விற்க வந்த இன்னாசிமுத்து
மேசையில் மூன்று சுருள் வைத்தார்.
எல்லாமே ஒட்டும் மேடம்.
எதில், எவ்வளவு குளிரில், எத்தனை வருஷம்
என்றேன். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

முதல் லேபிள் காகிதம்.
ஸைலீனில் முக்கியதும்
பெரியார் நிலையத்தில் கடைசி பஸ்ஸுக்கு முண்டுகிறவர்கள்போல்
கருப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

இரண்டாவது,
மைனஸ் எண்பதில் ஒரே ஓர் இரவு.
காலையில் குழாய் நின்றது.
லேபிள் ஃப்ரீசர் தரையில்
வெங்காயச் சருகாய்ச் சுருண்டு கிடந்தது.

மூன்றாவது பாலியெஸ்டர்.
ரெசின் ரிப்பனில்தான் அச்சாகும்.
ஸ்பிரிட்டால் துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன்,
நைட்ரஜனில் இறக்கி ஏற்றி மறுபடி இறக்கினேன்.
ஸ்கேனர் ஒவ்வொரு தடவையும் பீப் என்றது.

கணக்கர் துவாரகாநாத் கண்ணாடியைக் கழற்றினார்:
ஒன்றுக்கு எழுபது பைசா கூட.

போன ஐப்பசியில்
லேபிள் உதிர்ந்த குழாய்கள் மூன்று.
மறுபடி ரத்தம் கொடுக்க வாருங்கள் என்று
நான்தான் போன் போட்டேன்.
அரசரடிக்காரர் திட்டிக்கொண்டே கையை நீட்டினார்.
மேலூர்ப் பெண் கைக்குழந்தையோடு
இரண்டு பஸ் மாறி வந்தாள்.
கருமாத்தூர் எண்ணில் மகன் எடுத்தான்.
அப்பாவையா?
செவ்வாக்கிழமையே எடுத்தாச்சே.

எந்த லேப்பில் என்று
கேட்டுவிட்டேன்.

துவாரகாநாத்திடம் இதைச் சொல்லவில்லை.
மூன்றாவது சுருள், ஐயாயிரம் லேபிள் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

பெயரில்லாத அந்தக் குழாய்கள்
இன்னும் கீழ்த்தட்டில் இருக்கின்றன.
எது அவருடையது என்று தெரியாததால்
மூன்றையுமே கொட்டவில்லை.