அரைக் கிலோ

சனிக்கிழமை பதினொன்றரை.
போர்ட் லூயிஸ் பந்தயத் திடலில்
தராசு அறையின் சன்னல் ஒன்று சரியாக மூடாது.
குதிரைச் சாணமும் வறுத்த கடலையும்
ஒரே வாசனையாக உள்ளே வரும்.
நான் பச்சை மையில் எழுதுவேன்:
பெயர், சேணம், எடை.

இந்த வேலையை நான் கேட்கவில்லை.
கணக்குத் தணிக்கைக்கு வந்தவள்.
தராசுக்காரருக்கு இடுப்பு முறிந்த வாரம்
"இரண்டே சனிக்கிழமை, மிஸ் பவாடே" என்றார்கள்.
ஆறு வருடம் ஆகிறது.
வேண்டாவெறுப்பாகப் பிள்ளை பெற்றவள்
காண்டாமிருகம் என்று பெயராவது வைத்தாள்.
நான் அதுகூட வைக்கவில்லை.
கேட்பவர்களிடம் "ஆபீஸ்" என்பேன்.

நெவென் முனியாண்டி
முதல் பருவத்தில் எடை குறைவாக வந்தான்.
சேணத்தில் ஈயத்தகடு சொருகச் சொன்னேன்.
"எனக்குப் பாரம் ஏற்றிய முதல் பெண்ணே,"
என்று கிரியோலில் ஆரம்பித்தான்.
"அடுத்தவர்," என்றேன்.
தாளில் மை கொஞ்சம் ஊறியிருந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்.
ரோஸ் ஹில் சந்தையோரம்
நீண்ட வரிசையில் நின்று
ஒரே ஒருத்திக்குப் பருப்புப் பூரி வாங்குவான்.
தாளை விரித்துக் கையில் தருவான்.
"நீ சாப்பிடு. நான் பார்க்கிறேன்."
அவனுக்கு அரை வெள்ளரிக்காய், சர்க்கரையில்லாத காப்பி.
காதலன் பசியோடு பார்க்கப் பார்க்க
விரலில் வழியும் சட்னியை நக்குவது
எளிதென்று நினைக்காதீர்கள்.

கோப்பைப் பந்தயத்துக்கு முந்தைய இரவு
நான்தான் சொன்னேன், ஒன்றே ஒன்று என்று.
மிளகாய் வடை.
ஒன்று நான்காயிற்று.
எண்ணெய்க் கையால் என் கன்னத்தைத் தொட்டுச்
சிறுபையனைப் போலச் சிரித்தான்.
விடியும்முன் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு
கோட்டை மேட்டில் ஏறி ஏறி இறங்கினானாம்.
எனக்குத் தெரியாது. நான் நன்றாகத் தூங்கினேன்.

முள் ஆடியது.
இருக்க வேண்டியது ஐம்பத்திரண்டரை.
நின்றது ஐம்பத்து மூன்றில்.
"இன்னொரு தடவை பாருங்கள், மதாம்,"
என்றார் குதிரையின் பயிற்சியாளர்.
பார்த்தேன்.
நெவென் முள்ளைப் பார்க்கவில்லை, என்னையும்.

வீட்டில் எங்கள் பேச்சு கிரியோல்,
படிவமெல்லாம் பிரெஞ்சு.
இது மட்டும் தமிழில் வந்தது:
அவனை நிறுத்தேன்.
அவனை நிறுத்தினேன்.
ஓர் எழுத்துதான் கூடுதல்.

வேறொருவன் ஏறினான்.
குதிரை ஐந்தாவதாக வந்தது.
அதில் யாருக்கும் ஆறுதல் இல்லை.

நீ நேர்மையாக இருந்தாய், அதனால் இன்னும் பிடிக்கிறது
என்று சொல்வான் என எதிர்பார்த்தேன்.
சொல்லவில்லை.
கோபமாக இருந்தான். நான்கு நாள்.
வியாழன் இரவு தொலைபேசியில்
"வடையில் உப்பு அதிகம்," என்றான்.
அப்புறம் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு,
"உனக்குப் பிடிக்காத வேலைதானே.
நிறுத்திவிடேன்."

பிடிக்காத வேலை.
நானே ஆறு வருடம் ஊரெல்லாம் சொன்னது.
அந்த மூடாத சன்னல், பச்சை மை,
பொய் சொல்லத் தெரியாத அந்த முள்.
"என் தராசு," என்று வாய் தவறி வந்துவிட்டது.
இருவருமே கேட்டுக்கொண்டோம்.
நிறுத்தேன் என்றேன்.
அதே சொல். இம்முறை முள் ஆடவில்லை.

விதிப் புத்தகத்தில் வழி இருக்கிறது:
ஒரு படிவம்.
அவன் எடையை இனி வேறொருவர் எழுதுவார்.
அவன் ஏறும்போது
நான் எழுந்து சன்னலோரம் போய்விட வேண்டும்.
காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை.

மேசையில் படிவம்.
ஈரக் குடையோடு எதிரே நெவென்,
தலைகீழாக வாசிக்கிறான்.
பந்தயக்காரர் எவருடனாவது உறவு?
கட்டம் மிகச் சிறியது.
கை பிரெஞ்சில் எழுதியது.
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்:
உண்டு.