குழாய்ப் பிடி

மஞ்சள் தாளில் எச்சரிக்கை, மூன்று மொழியிலும்.
சுருண்டு கிடந்த ஈரப்பலா இலையொன்றில்
ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்,
அதற்குள் நாலு புழு நெளிந்ததாம்.
மரம் திருமதி ரணவீரவுடையது.
மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்த இலை
என்னுடையது.

சனிக்கிழமை பழைய சோனகத் தெரு.
மர்சூக் நானா முதலில் ஊதியைக் காட்டினார்.
பெட்றோலில் ஓடுவது, தோடம்பழ நிறம்.
கயிற்றை இழுத்ததும்
கடைப் பூனை இரண்டு கடை தள்ளிப் போய் நின்றது.
"ஒரு நிமிசத்தில இலை போயிடும் மிஸ்."
"எங்கே போகும்?"
அதற்கு அவரிடம் பதில் ஸ்டொக்கில் இல்லை.

ஈர்க்குமாற்றுக்கு வேறோர் இடுப்பு வேண்டும்;
அது இலையோடு மணலையும் கூட்டிப் போகும்.
இரும்பு முள்வாரியில்
ஒவ்வொரு பல்லிலும் ஓர் இலை குத்தி
கோர்த்த மீன்போல் வரும்,
உட்கார்ந்து கழற்ற வேண்டும்.

பச்சை பிளாஸ்ரிக் விசிறிவாரி.
வளைந்து கொடுத்தது. பிடி, வெறும் குழாய்.
நானா அதை என் தோளருகே நிறுத்தி
தையற்காரர் மாதிரி, தொடாமல் அளந்தார்.
"இதுதான் உங்கட."
வீட்டில் இருந்த மற்றதெல்லாம்
ஓர் ஆறடிக்கு வாங்கியவை.
அந்த ஆறடி இப்போது மெல்பேர்னில் புல் வெட்டுகிறது.

விலையில் இருநூறு குறைத்தேன்.
குழாயின் வாய்க்கு ரப்பர் மூடி,
நாற்பது ரூபா, போடட்டா என்றார்.
மூடிக்குமா காசு என்றேன்.

நூறாம் இலக்க பஸ்ஸில்
பல்லை மேலே பிடித்து நின்றபடி வந்தேன்.
கொள்ளுப்பிட்டியில் ஏறியவர்
கண்ணாடியைக் காப்பாற்றிக்கொண்டு
"நல்ல சாமான்" என்றார்.

இரண்டு கிழமையாய்
காலை ஆறரைக்கு என் வாரி;
மதிலுக்கு அப்பால்
திருமதி ரணவீரவின் ஈர்க்கு
எனக்கு ஒரு வீச்சுப் பிந்தி.
பின்னேரங்களில் மழை.

பரிசோதகர் மறுபடி வந்தார்.
பூச்சட்டி, பீலி,
குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு.
தரையில் ஓர் இலை இல்லை.
பெறுபேறு பார்க்கப் போன பிள்ளைபோல் நின்றேன்.
படலைவரை போனவர் திரும்பி வந்து,
சுவரில் சாய்ந்திருந்த வாரியின்
குழாய்க்குள் டோர்ச் அடித்தார்.
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
எனக்கும் இடம் விட்டார்.

என் உயரத்துக்கு அளந்த கிணற்றில்
இரண்டு, இல்லை, மூன்று
தலைகீழாய்த் தொங்கி
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.