பத்தி நான்கு

பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
மேல்முறையீடு என்றால் முப்பத்தைந்து,
அடித்து அடித்துத் திருத்துவார்கள், அதனால்.
தேவகோட்டை நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி என்னுடையது.
மின்விசிறி அவர்கள் பாதியில் சுற்றுகிறது.

சேவுகராசு வந்தார், முன்னாள் கிராம நிர்வாக அலுவலர்.
உறையிலிருந்து ஆணையை
ஓரம் மடங்காமல் எடுத்தார்.
இருபத்திரண்டு வருடம் காகிதத்தோடு கிடந்த கை.
"பணியிலிருந்து அறவே நீக்கி…"
அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார்.
"வெறும் நீக்கம்னாக்கூட வேற வேலைக்கு மனுப் போடலாம்மா.
அறவேன்னு போட்டுட்டாங்க."

பெறுநர், மாவட்ட வருவாய் அலுவலர், சிவகங்கை.
பத்தி ஒன்று, பணியில் சேர்ந்த நாள்.
பத்தி இரண்டு,
இருபத்தொரு புள்ளிக்குப் பங்குள்ள வீடு,
பட்டாவில் பெயர் சேர்க்க எட்டாயிரம் கேட்டதாகப்
பினாங்கிலிருந்து லீவில் வந்தவரின் புகார்.
விரல் கழுவிய நீர் சிவந்ததற்கு
வேறு காரணங்கள் இருக்கலாம்.
பத்தி மூன்று,
சந்தேகத்தின் பலனை நீதிமன்றம் தந்தது.
துறை தரவில்லை.

நான்காவதில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார்.
குடித்துவிட்டுச் சொன்னார்:
"என் பணிக்காலத்தில் ஒருபோதும்
எவரிடமும்
எந்தக் கையூட்டும்…"

'ஒருபோதும்' வரை விரல்கள் தாமாகப் போயின.

வாரிசுச் சான்றுக்கு நான் கொடுத்தது இரண்டாயிரம்.
அவர் போன முப்பத்தோராம் நாள்,
கம்மலை வைத்து.
வெற்றிலையில் மடித்துக் கொடு என்றார்,
வெற்றிலையும் என் காசு.
அவருக்கு நினைவில்லை.
படிவத்தில் நான் ஒரு கட்டம்,
மனைவி, வயது முப்பத்துநான்கு.

அதே ஆள்தான்
மறுவாரம் கொட்டுகிற மழையில் மொபெட்டில் வந்து
சான்றைக் கையில் தந்தார்.
மகன் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்ததைத்
தானே கண்டு
தாசில்தாரிடம் மறுபடி கையெழுத்து வாங்கியிருந்தார்.
அந்தக் கால் இல்லாமல் போயிருந்தால்
குடும்ப ஓய்வூதியம் ஆறு மாதம் நின்றிருக்கும்.
அதற்குக் காசு கேட்கவில்லை.
இதை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

"என்னம்மா, நின்னுட்ட?"
"எவரிடமும்… சின்ன ர-வா சார், பெரிய ற-வா?"
"உனக்குத் தெரியாதா?"
"தெரியும்."
அடித்தேன்.

கெடுவில் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது,
பதிவுத் தபாலில் போடுங்கள், ஒப்புகை அட்டையோடு,
அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள் என்றேன்.
எல்லோருக்கும் சொல்வதுதான்.

நாலு பக்கம், நூற்று நாற்பது.
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி
மிச்சத்தை வச்சுக்கம்மா என்றார்.
சில்லறைக்கு ஜெராக்ஸ்காரரிடம் கேட்டேன், இல்லை.
டீக்கடையில் இல்லை.
மருந்துக் கடை வரை வெயிலில் போய் வந்தேன்.
முந்நூற்று அறுபது.
எண்ணாமல் பையில் போடப் போனார்.
எண்ணுங்க சார், என்றேன்.

கட்டைவிரலை நாக்கில் தொட்டு
எண்ணினார்,
வெகு வேகமாக.