எச்சம்

லா பாஸ், நான்காம் மாடி.
எர்லிந்தா சோகேயின் சமன்பாட்டில்
பெரிய ஊர் பெரிய ஊரை இழுக்கிறது,
இடையிலுள்ள தூரம் அந்த இழுப்பைத் தின்கிறது.
மக்கள்தொகையைக் கொடுத்தால் போதும்,
எந்தச் சாலையில் எத்தனை டன் என்று
அடுத்த வருஷத்துக்கே சொல்லிவிடும்.

சோயா மாவு கணவாய் ஏறி
அரிக்கா துறைமுகத்துக்கு இறங்குகிறது.
திரும்பும்போது பாதி லாரிகள் காலி.
வெறுங்கை முழம் போடாது.
வெறும் லாரி போடுகிறது,
முழத்துக்கு முழம் டீசல் குடித்து.
அதற்கும் ஓர் எண் வைத்திருந்தாள்.

ஒட்டாமல் நின்றது கொல்பானி.
முப்பத்தொரு பேர், ஒரு சூப் கடை.
கணக்குப்படி அங்கே எந்த லாரிக்கும் வேலையில்லை.
இரவுக்கு நாற்பது நிற்கின்றன.
எடைமேடைத் தாளில் இன்னொன்று:
காலி என்று எழுதிய வண்டிகள்
காலியைவிட இருநூறு கிலோ கனம்.
"தராசுப் பிழை. நீக்கிவிடு" என்றார் துறைத் தலைவர்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள்.

ஃபிதென்சியோ கோல்கே கேள்வித்தாளை
ஸ்டீயரிங்மேல் வைத்து நிரப்பினான்.
சரக்கு: இல்லை.
மதிப்பு: இல்லை.
பிறகு இறங்கி, தார்ப்பாயைத் தூக்கி
நீல டிரம் ஒன்றை உருட்டினான்.
தண்ணீர்.
கொல்பானி என்றால் அவர்கள் பேச்சில் உவர்மண்.
கிணற்றுநீரில் மொச்சை வேகாது.

"இது சரக்கில்லையா?"
"யாரும் வாடகை தரலையே."
"பின்னே எதுக்கு?"
"சூப் கரிக்கும்ல."

கடைக்காரி சத்துர்னினா
அவனிடம் காசு வாங்கவில்லை.
எர்லிந்தாவிடம் வாங்கினாள்,
சில்லறை இல்லையென்று
இரண்டு பொலிவியானோ நிறுத்தியும் வைத்தாள்.

திங்களன்று சேர்த்துப் பார்த்தாள்.
இருநூறு லிட்டர், நூற்றுத்தொண்ணூறு கிலோமீட்டர்,
கூலி ஒரு கிண்ணம் சூப்.
டன்னுக்கு, கிலோமீட்டருக்கு என்ன விலை?
வந்த எண்ணைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு.
சமன்பாடு முன்னைவிட மோசமாகப் பொருந்தியது.

மாலைக்குள் அறிக்கை போகவேண்டும்.
புதிய சாலை கொல்பானியைத் தொடாமல் சுற்றும்,
லாரிக்கு நாற்பது நிமிஷம் மிச்சம்.
சரி என்றுதான் எழுதினாள்.
நாற்பது நிமிஷம் பொய்யில்லை.

நீக்கச் சொன்ன வரிகளை மட்டும்
நீக்காமல் வேறொரு தாளுக்கு நகர்த்தினாள்.
அதன் தலையில், எல்லாவற்றுக்கும் மேலே,
ஒரு வரி புதிதாகச் சேர்த்தாள்:

கொல்பானி. வரவேண்டிய பாக்கி,
இரண்டு பொலிவியானோ.