ஃபிரிட்ஜுக்குப் பின்னால்

ஏஜென்சி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆர்டரில்
வாலிநோக்கம் என்பதை
வாழிநோக்கம் என்று அடித்திருந்தார்கள்.
வாழத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்,
எண்பத்தொன்பது நாள்.

அரூரிலிருந்து நாலு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ.
உப்பளத்தைக் காட்டி
இவ்வளவு பஞ்சா என்று கேட்டேன்.
ஆட்டோக்காரர் சிரிக்கவில்லை.
"நீங்கதான் புது நர்ஸா?"
போனவளை ஏற்றிவிட்டதும் அவர்தானாம்,
அதே சீட்டில்.

இங்கே புது நர்ஸ் என்பது ஒரு பெயர்.
போன வருஷம் நாலு பேர் அதை வைத்திருந்தார்கள்.
எனக்குக் கிடைத்த கோட்டின் பையில்
நீல நூலில் ரூபாவதி என்று இருந்தது.
பிரிக்கவில்லை.
அந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தேன்.

முதல் ராத்திரியே
திருக்கை குத்திய ஒருவரைத் தூக்கி வந்தார்கள்.
எங்கள் பக்கம் பாம்பு தெரியும், தேள் தெரியும்.
திருக்கையைக் குழம்பில்கூடப் பார்த்ததில்லை நான்.
போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தபோது
வாட்ச்மேன் சேகு ஜமால்
ஒன்றும் பேசாமல்
தடுப்பூசி ஃபிரிட்ஜை ஒரு முழம் தள்ளினார்.

சுவர்.
பென்சிலில், நாலு கையெழுத்து.

திருக்கைக்கு வெந்நீர். பொறுக்கும் சூடு. முள்ளை அவசரப்பட்டுப் பிடுங்காதே.
ஆக்சிஜன் ஸ்பேனர் மூணாம் கட்டிலுக்குக் கீழே, கயிற்றில்.
கச்சான் அடித்தால் கரண்ட் போகும். உன் டார்ச் உன்னிடம் இருக்கட்டும்.
முத்துராக்கு அக்கா, பாசி எடுக்கிறவர். வலது கையில் நரம்பு சிக்காது.
இடதில் கட்டைவிரல் பக்கம் படுத்திருக்கும். தட்டாதே, தடவு.
பெனிசிலின் அவருக்கு ஆகாது. அட்டையில் இல்லை. ஆகாது.
ஓரத்தில், சரிந்த எழுத்தில்:
சம்பளம் இருபதுக்கு முன்னால் வராது, வீட்டில் சொல்லி வை.

வெந்நீரில் கால் வைத்து
அரைமணியில் அலறலை நிறுத்தியவர்
கைராசிக்காரி என்றார் என்னை.
யார் கை என்று அவரிடம் சொல்லவில்லை.

ஐம்பத்தோராம் நாள்
ஆய்வு வருகிறதென்று வெள்ளையடித்தார்கள்.
அடித்தவரும் ஒப்பந்தம்தான், இரண்டு நாளைக்கு.
நான் அன்றைக்கு ஓய்வு.

அதற்கடுத்த வாரம் முத்துராக்கு அக்கா வந்தார்.
பாரில் கிழித்த உள்ளங்கை,
சீழ், காய்ச்சல், பேச்சில்லை.
இடது கை, கட்டைவிரல் பக்கம்.
தட்டவில்லை.
ஒரே குத்தில் ஏறியது.
செவ்வாய் மட்டும் வரும் டாக்டர்
(அவர் வேறு ஏஜென்சி)
ஊசி எழுதினார்.
பெனிசிலின் ஆகாது சார் என்றேன்.
அட்டையைப் புரட்டினார்.
"எங்கே எழுதியிருக்கு?"
சுவரில் இருந்தது என்றேன்.
அவர் சுவரைப் பார்த்தார்.
பால் மாதிரி இருந்தது.
கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்துவிட்டு
வேறு மருந்து எழுதினார்.

இன்றைக்கு எண்பத்தெட்டு.
புதுச் சுண்ணாம்பில் பென்சில் வழுக்குகிறது.
வளைந்துபோன ஒரு ஊசியின் முனையால்
கீறிக்கொண்டிருக்கிறேன்.
திருக்கைக்கு வெந்நீர் வரை வந்தாயிற்று.
பிளக்கைக் கையில் பிடித்தபடி
சேகு ஜமால் சொல்கிறார்:
"வெரசா எழுதும்மா,
தடுப்பூசி சூடாகுது."