பதினாலு கிலோ

பாயான் பாருவில் யார் எவ்வளவு சமைக்கிறார்கள் என்பது
என் வலது தோளுக்குத் தெரியும்.
ஒரு தோம்பில் கேஸ் பதினாலு கிலோ,
இரும்பின் எடை தனி.

கொய்தியாவ் பிரட்டும் பெங் ஹுவாட்டுக்கு
ஒரு தோம்பு மூன்றே நாள்;
சட்டிக்கடியில் விமானம் கிளம்புவதுபோல் இரையும்.
தோசைக்கடை தேவசகாயத்துக்கு ஒரு வாரம்.
காதீஜாவின் நாசி லெமாக்குக்குப் பன்னிரண்டு நாள்,
ஒரு பொழுது பிந்தினாலும்
பெயர் சொல்லமாட்டாள், "ஏய் கேஸ்" என்பாள்.
முக்கில் ஆப்பம் சுடுகிறவன் கரி அடுப்புக்காரன்.
அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை.

மழை விடாத ஒரு சாயங்காலம்
கார் கழுவும் இடத்துக்குப் பின்னாலிருந்து
புதிதாக ஒரு அழைப்பு.
மியன்மார்க்காரி, பெயர் நிலார்.
தொழிற்சாலை அட்டை இன்னும் கழுத்தில் கிடந்தது.
மலாய் அவளுக்குப் பாதி. மீதிச் சில்லறையை
விரலில் எண்ணித் தீர்த்தோம்.

ரெகுலேட்டரை மாட்டி
சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து நிமிர்ந்தால்
முகத்துக்கு நேரே ஒரு கிண்ணம்:
மீன் கரைந்த குழம்பு, அதில் சேமியா,
வட்டவட்டமாய் ஏதோ வெளுப்பாக.

கடித்தேன். நார் பல்லில் இழுத்தது.

"வாழைத்தண்டு" என்றேன்.
அவள் தன் பாஷையில் ஒன்று சொன்னாள்.
திருப்பிச் சொன்னேன், தப்பாக;
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

லாரி ஓடிக்கொண்டே நின்றது.
பெங் ஹுவாட் இரண்டு தடவை அழைத்துவிட்டார்,
அணைந்த அடுப்பு, கையில் கரண்டி,
எதிரே வரிசையாய்ப் பசித்தவர்கள்.

கிண்ணத்தை நீட்டினேன்,
இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி.