வருகையின் நோக்கம்

சனிக்கிழமை காலை உமையாளின் அப்பச்சி
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
என் பாஸ்போர்ட்டைக் கேட்டார்.
வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால்
இருபத்துநாலு மணிக்குள் தெரிவிக்க வேண்டுமாம்.
வங்கியில் முப்பது வருடம் இருந்தவர்.
ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டார்.

எங்கிருந்து வருகை?
வேளச்சேரி.
அதற்கு முன்?
தைப்பிங்.
அதற்கும் முன்?
அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை,
அவராகக் கேட்டது.
தெரியாது ஐயா.
கப்பலேறிய ஊரின் பெயரை
எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை.

வருகையின் நோக்கம்?
"தூங்கத்தான்" என்றாள் உமையாள்,
பாயை விட்டு எழுந்திருக்காமலே.
அவர் "சுற்றுலா" என்று எழுதினார்.

சென்னையில் இரண்டு வருடமாக
காலையில் யாரையாவது பார்த்து
"பசியாறியாச்சா?" என்றால்
ஆபீசே சிரிக்கும்,
எந்தக் காலத்துப் படத்துக்கு வசனம் எழுதுகிறாய் என்று.
"சாப்டியா"வுக்கு மாறிவிட்டேன்.
இங்கே, முதல் நாள் காலை,
பல் தேய்த்த கையோடு வளவில் நின்று
எந்தக் கதவு எங்கே போகும் என்று தெரியாமல் முழிக்கையில்
இரண்டாம் கட்டிலிருந்து தேனம்மை ஆத்தாவின் குரல்:
"பசியாற வா."

நீ எங்கே இங்கே, என்று
அந்தச் சொல்லைக் கேட்கத் தோன்றியது.
என் பெட்டியில் ஒளிந்து
சுங்கம் தாண்டி வந்ததோ?
இல்லை. பள்ளத்தூரிலேயே இருந்திருக்கிறது,
தினமும் ஏழரை மணிக்கு.

"அந்த மங்கை எடு" என்றார்.
சுற்றுமுற்றும் பார்த்தேன், எந்த மங்கை?
நீல விளிம்பு வைத்த பீங்கான் பூச்சுக் கிண்ணம்.
மங்கு!
மலாய்க்காரரிடம் நாங்கள் வாங்கிய சொல்,
இவர்களும் வாங்கியிருக்கிறார்கள்.
யார் முதலில் என்று கேட்கவில்லை.

"தைப்பிங்கில எங்களுக்கு ஒரு கடை இருந்துச்சு"
என்றார், மாவைக் குழியில் ஊற்றியபடி.
எங்களுக்கு அங்கே லயத்தில் ஒரு வீடு இருந்தது, என்றேன்.
என்ன கடை என்று நான் கேட்கவில்லை.
யாருடைய தோட்டம் என்று அவரும்.
எண்ணெய் சற்று நேரம் பேசியது.
பிறகு என் தட்டில் இன்னும் இரண்டு பணியாரம்.

ஞாயிறு மதியம் ஊருணிப் பக்கம் கறுத்தது.
எங்கள் ஊர்க் கடைத்தெருவில்
மழைக்குப் பந்தயம் கட்டுவார்கள் என்றேன்,
வருமா என்றல்ல, எத்தனை மணிக்கு என்று.
ஆத்தா வானத்தைக்கூடப் பார்க்கவில்லை.
"வராது. பத்து ரூபாய்."
ஐந்து மணிக்குள் வரும், என்றேன் நான்,
தைப்பிங்கின் மானத்தைக் காக்க.

வளவின் நான்கு மூலையிலும்
தகரத் தூம்புகள் வாய் திறந்து நின்றன.
உமையாளும் வாய் திறந்து
வருகையின் நோக்கத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்தாள்.
நாலே முக்காலுக்குக் காற்று.
கொடியில் ஒரு துண்டு புரண்டது.
கல்லில் ஒரு சொட்டு, தள்ளி ஒன்று,
என் மணிக்கட்டில் ஒன்று.
"மழை!" என்று கத்தினேன்.
ஆத்தா குனிந்து கல்லைப் பார்த்தார்,
நகைக்கடையில் உரசிப் பார்ப்பவர் மாதிரி.
"இதெல்லாம் கணக்குல வராது."
சொல்லி முடிக்குமுன் கல் காய்ந்துவிட்டது.

திங்கள் விடிகாலை, வாசலில் ஆட்டோ.
என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றுதான்.
அந்த நேரத்தில் யாரிடம் சில்லறை?
விடுங்க, என்றார் அப்பச்சி.
ஆத்தா விடவில்லை.
பால் கணக்கு நோட்டை எடுத்து
கடைசிப் பக்கத்தில் எழுதினார்:
தைப்பிங் பிள்ளை, பத்து.

"வட்டி எவ்வளவு ஆத்தா?" என்றாள் உமையாள்.
சிரிப்பு வந்தது,
பாதி வழியில் நின்றுவிட்டது.
எனக்கு மட்டுமா, அவருக்குமா,
இருட்டில் தெரியவில்லை.
"வரும்போது கட்டட்டும்" என்றார்.

பல்லவனில் ஏறியதுமே அவள் மறுபடி தூங்கிப்போனாள்.
புதுக்கோட்டையில் டீ வாங்கினேன்.
முணுமுணுத்துக்கொண்டே மீதி எண்ணித் தந்தார் டீக்காரர்,
அதில் ஒரு பத்து ரூபாய்த் தாள்,
ஓரம் கிழிந்தது.
அதை மட்டும் தனியே எடுத்து
பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன்,
மார்ச்சில் முடியும் விசா ஒட்டிய பக்கத்தில்.